பழைய பாணிக் காட்டுயிர்ப் பக்கங்கள்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கை வரலாற்று நூல்களின் சாயலில் காட்டுயிர்ப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். ஓவியம் அருமையாக இருக்கும். எழுதியவருக்குக் காடும் தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டு பக்கங்களையும் விரித்து வைத்தால் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தும். உறுத்துவது பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பணம் தின்னும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு லேயரை அணைத்தால் தீர்ந்துபோகிற கோளாறுக்காகப் பிளேட்டையே (அச்சுத் தகட்டையே) மாற்றியவர்கள் உண்டு.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை விலங்குகள். அச்சு, ஆஃப்செட் என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: பக்கம் பழையதாகத் தெரியவில்லை, அழுக்காகத் தெரிகிறது

*டெக்ஸ்சரை (பழைய தாள் போலக் காட்ட மேலே போடும் கறை அடுக்கை) அணைத்ததும் பக்கம் தெளிந்துவிட்டால்*

காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்துப் படங்கள் அச்சகத்தைவிட்டு வெளியே வந்தபோது வெளுத்த தாளில் சுத்தமாகத்தான் இருந்தன. பழுப்புப் புள்ளி, மடிப்புத் தடம், ஈரக் கறை, பூச்சி அரிப்பு எல்லாம் பின்னால் சேர்ந்தவை. பழமையைக் காட்டுவது கோடு, விலங்கைச் சுற்றி விட்ட வெற்றிடம், சிக்கனமான நிறம் ஆகிய மூன்றும்தான். அவை சரியாக இருந்தால் டெக்ஸ்சரே தேவைப்படாது. வேண்டும் என்று பதிப்பாளர் பிடிவாதம் பிடித்தால் ஓரங்களில் மட்டும் மெலிதாக வையுங்கள். விலங்கின் உடல்மீது ஏற விடாதீர்கள்.

*டெக்ஸ்சர் குறைவுதான், ஆனாலும் பொய்யாகத் தெரிகிறது என்றால்*

ஒரே கறை பல பக்கங்களில் வருகிறதா என்று பாருங்கள். இடப்பக்க மூலையில் இருக்கும் கறையைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கும் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் கண் அதைப் பிடித்துவிடும்.

*திரையில் அழகு, அச்சில் ஒரே மஞ்சள் என்றால்*

தாளைக் கேளுங்கள். நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் தானே இளமஞ்சள். அதன்மேல் நீங்கள் பழுப்புப் பின்னணியும் அச்சடித்தால் நிறம் இரட்டிக்கும். இரண்டில் ஒன்று போதும். என் பரிந்துரை, தாளின் நிறத்தை நம்பிப் பின்னணியை நீக்கிவிடுவது. மெலிந்த பழுப்பை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளில் அச்சடித்தால் லென்ஸ் வைக்காமலே புள்ளிகள் தெரியும். தாளுக்குத் தாள் அது மாறவும் செய்யும். தாள் வாங்குவதற்குமுன் இதைக் கவனித்தால் செலவில்லை. பிளேட் போட்ட பிறகு என்றால் புதிய பிளேட்தான்.

*கறுத்த விலங்குகள் மட்டும் சேறாகிவிட்டால்*

கருமந்தி, சோலைமந்தி, காட்டுமாடு ஆகிய மூன்றும்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. நிழற்பகுதியில் நான்கு மைகளின் கூட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் 260 முதல் 280-க்குள் நிறுத்துவது பாதுகாப்பு. பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் 300 வரை போகலாம். பூச்சில்லாத தாளில் மை பரவும், அச்சுப் புள்ளி பெரிதாகும். ஆகவே திரையில் கொஞ்சம் வெளிறியதாகத் தோன்றும் நிழல்தான் அச்சில் சரியாக வரும். சோலைமந்தியின் முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பிடரிமயிர் தனித்தனி இழையாகத் தெரிய வேண்டும். அதற்குப் பின்னால் உடலின் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது.

*எப்போது ஆளை அழைப்பது:* அச்சடிக்கப்போகும் அதே தாளில் எடுத்த புரூஃபிலும் (மாதிரி அச்சிலும்) சேறாகவே இருந்தால், அந்தத் தாளுக்கான நிற அமைப்பைத் தெரிந்த பிரிபிரஸ் ஆளிடம் (அச்சுக்குமுன் கோப்பைத் தயார் செய்பவரிடம்) கோப்பைக் கொடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு நீங்களே திருத்துவதில் அதற்குமேல் பயன் இல்லை.

அறிகுறி: கோடுகள் மங்குகின்றன, அல்லது இரட்டையாகத் தெரிகின்றன

*திரையிலேயே மங்கல்*

படத்தின் உண்மையான அடர்த்தி போதவில்லை. வண்ணப் படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், கோட்டோவியத்துக்குப் போதாது. பேனாக் கோட்டை 1200-இல் ஸ்கேன் செய்து தூய கறுப்பு வெள்ளையாக வையுங்கள். 300 டிபிஐ படத்தைப் பக்கத்தில் இரு மடங்கு பெரிதாக்கினால் அது 150 ஆகிவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் லிங்க்ஸ் பகுதியில் பெரிதாக்கிய பிறகு எஞ்சும் எண்ணைப் பாருங்கள். கோப்பின் எண்ணை நம்ப வேண்டாம்.

*திரையில் கூர்மை, அச்சில் இரட்டை*

லென்ஸை வைத்துப் பாருங்கள். பழுப்புக் கோட்டின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் சிவப்பும் எட்டிப் பார்த்தால், அந்தக் கோடு நான்கு மைகளால் கட்டப்பட்டிருக்கிறது. மயிரிழை அளவு ரிஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) விலகினாலும் அது இரண்டாகும். தீர்வு எளிது: கோட்டைத் தனி லேயராகப் பிரித்துக் கறுப்பில் மட்டும் வையுங்கள், நிறம் அடியில் மென்மையாகப் பரவட்டும். பழைய படங்கள் பலவும் இப்படித்தான் உருவாயின. கல்லச்சிலோ செப்புத் தகட்டிலோ கோட்டை ஒரே மையில் அடித்துவிட்டு, நிறத்தை ஆட்கள் தூரிகையால் ஏற்றினார்கள். ஆக, இந்தத் திருத்தம் கோளாறையும் நீக்கும், நீங்கள் தேடிய சாயலையும் கொண்டுவரும். கறுப்பு கடுமையாகத் தெரிந்தால், தனி மையாக ஒரு பழுப்பைக் கலந்து ஐந்தாவது நிறமாக அடிக்கலாம். செலவு கூடும், ஆனால் விலங்குப் படங்களுக்கு அந்தச் செலவு வீண்போகாது.

*மீசை மயிரும் இறகின் விளிம்பும் காணாமல் போனால்*

ஓவியர் பெரிய அளவில் வரைந்ததை நீங்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியிருப்பீர்கள். 0.25 பாயிண்டுக்குக் கீழே போன கோடு அச்சில் நம்பகமாக நிற்காது. அச்சளவைப்போல் ஒன்றரை மடங்குக்குமேல் பெரிதாக வரைய வேண்டாம் என்று ஓவியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

*நிறம் கோட்டைத் தாண்டி வழிந்தால்*

சிறிய வழிசல் அழகுதான், தூரிகை வேலையின் சாயல் அது. தாளின் ஓரத்திலுள்ள ரிஜிஸ்டர் குறிகளே கண்ணுக்கு விலகித் தெரிந்தால் மெஷின்மேனிடம் சொல்லி ஓட்டத்தை நிறுத்துங்கள். சிவகாசியானாலும் சென்னையானாலும் முதல் தாள்கள் வரும்போது நீங்கள் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். அடித்து முடித்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அறிகுறி: படத்தின்மேல் துணி நெசவு போலக் கட்டங்கள்

ஏற்கெனவே அச்சான புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். பழைய அச்சின் புள்ளிகளும் புதிய அச்சின் புள்ளிகளும் மோதுகின்றன. ஸ்கேனரில் அச்சுப் புள்ளியைக் கரைக்கும் டீஸ்கிரீன் வசதியைப் போட்டு மறுபடி எடுங்கள். அது இல்லையென்றால் 600-இல் எடுத்து, புள்ளி கரையும் அளவுக்கு மட்டும் மங்கவைத்து, 300-க்குக் குறைத்து, பிறகு கூர்மைப்படுத்துங்கள். மர அச்சு, செப்புத் தகட்டு அச்சு ஆகியவற்றில் புள்ளித் திரை கிடையாது. அவற்றை மங்கவைத்தால் கோடுதான் சாகும். எது எது என்று லென்ஸில் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

அறிகுறி: நடுமடிப்பு விலங்கை விழுங்குகிறது

*முதலில் நிலையை மாற்றுங்கள்*

வெள்ளைத்தாளில் மாதிரிப் புத்தகம் ஒன்றை மடித்து, அதில் படத்தைக் கோட்டளவில் வரைந்து பாருங்கள். வரையாட்டின் முதுகும் விலாவும் மடிப்பைக் கடக்கலாம். கண், முகம், கொம்பு நுனி, குளம்பு கடக்கக் கூடாது. இருவாச்சியின் அலகை மடிப்புக்குக் குறுக்கே நீட்டுவது எல்லோருக்கும் வருகிற ஆசை. மடிப்பு அலகை ஒடித்துவிடும். அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட பறவைப் படங்களில் எல்லாப் பறவைகளும் உயிரளவு. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத் தாளும் போதாமல் நீண்ட கழுத்துப் பறவைகளைக் குனியவைத்து வரைந்தார். அந்தக் குனிவு இன்றும் இயல்பாகவே தெரிகிறது. உங்கள் விலங்கையும் திரும்பிப் பார்க்கவோ தலையைத் தாழ்த்தவோ சொல்லுங்கள்.

*படம் மடிப்பில் ஏறி இறங்கினால்*

மடிப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகல் இயல்பு. கிடைக்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும், மலைச்சரிவு மறைத்துவிடும். இரண்டு பக்கங்களையும் சுற்றிக் கட்டம் போடும் ஆசை இருந்தால் பக்கத்துக்கு ஒரு கட்டமாகப் போடுங்கள்.

*இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நிறம் வேறு என்றால்*

எதிரெதிர்ப் பக்கங்கள் பெரும்பாலும் பாரத்தில் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதியில்) வேறு வேறு இடங்களில் அச்சாகின்றன. 16 பக்கப் பாரத்தில் நடுவில் வரும் 8, 9 ஆகிய இரண்டு மட்டுமே ஒரே தாளின் ஒரே பரப்பாகச் சேர்ந்து வரும். பக்கம் 1 முதல் பாரத்தில் தொடங்கினால் அடுத்தடுத்த நடுப்பக்கங்கள் 24–25, 40–41. உங்கள் மிகச் சிறந்த ஓவியத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள். பக்க வரிசையை மாற்றுவது இந்த நிலையில் இலவசம்.

*இன்னும் விழுங்குகிறது என்றால்*

பசை பைண்டிங். புத்தகம் தட்டையாக விரியாது; மடிப்பின் இருபுறமும் 10 மில்லிமீட்டர் வரை கண்ணுக்கு எட்டாது. செக்‌ஷன் தையலுக்கு (பாரம் பாரமாகத் தைக்கும் முறைக்கு) மாறுங்கள். விலை கூடும் என்பது உண்மை. ஆனால் இரட்டைப் பக்க ஓவியத்துக்காகவே ஒரு புத்தகம் போடுகிறவர் பசையில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பைண்டரிடம் பக்க எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது படத்தோடு ஒட்டவில்லை

*கொம்பும் காலும் பிரிந்து, புள்ளி வட்டம் தெரிந்தால்*

இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எழுத்து விருப்பங்களில் இந்திய மொழிக்கான அமைப்பு உண்டு. தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால், தட்டச்சு செய்தவர் பழைய குறியீட்டு எழுத்துருவில் அடித்திருக்கிறார். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு முழுப் பிரதியையும் மீண்டும் மெய்ப்புப் பாருங்கள். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் மாற்றத்தில் பிசகும்.

*எழுத்து புதிதாகத் தெரிந்தால்*

திரைக்காகச் செய்த, ஒரே தடிமனுள்ள எழுத்துருக்கள் செப்புத் தகட்டுக் கோட்டின் பக்கத்தில் நிற்காது. தடிமனும் மெலிவும் மாறி வரும், ஈய அச்செழுத்தின் மரபில் வந்த எழுத்துருவைத் தேடுங்கள். 1978-ஆம் ஆண்டு அரசாணைக்கு முன்னர் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை சேர்ந்த வடிவில் அச்சாயின. 1930-களின் சாயல் வேண்டுமென்றால் தலைப்பில் மட்டும் அந்த வடிவங்களைக் கொண்டுவாருங்கள். ‘மலை அணில்’ என்ற தலைப்பு ஒன்றே பக்கத்தின் காலத்தைச் சொல்லிவிடும். உடல் எழுத்தில் வேண்டாம், இன்றைய பிள்ளைகள் தடுமாறுவார்கள். எழுத்துருவில் அந்த வடிவங்கள் இல்லையென்றால் கையெழுத்துக் கலைஞரிடம் தலைப்பை மட்டும் எழுதி வாங்குங்கள். மென்பொருளில் ஒட்டிச் சேர்த்த ‘லை’ அரைகுறையாகத்தான் இருக்கும்.

சிறிய எழுத்துகளை ஒருபோதும் நான்கு மைப் பழுப்பில் வைக்காதீர்கள். கோட்டுக்குச் சொன்ன காரணமேதான்.

அறிகுறி: எல்லாம் சரி, விலங்குதான் சரியில்லை

கடைசியில் வைத்திருக்கிறேன், ஓவியத்தை மறுபடி வரைவதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. என் மனத்துக்கு முக்கியமானதும் இதுவே. பழைய பாணி என்ற சாக்கில் தவறான விலங்கை அச்சேற்றினால், அதைப் பார்த்து வளரும் குழந்தை காட்டில் அந்த உயிரை அடையாளம் காணாது.

*வேறு விலங்காகத் தெரிந்தால்*

முன்மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். வரையாட்டை ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் நீலகிரி ஐபெக்ஸ் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் தேடியவர் கையில் ஐரோப்பிய ஐபெக்ஸ் படம் சிக்கிவிடும். தாடி இருந்தால் அது வரையாடு அல்ல. கணுக்கணுவாகப் புடைத்து நீண்டு வளைந்த பெரிய கொம்பு இருந்தாலும் அல்ல. முதிர்ந்த கிடாவுக்கு முதுகில் வெளிறிய சேணத் திட்டு இருக்கும். இளையவற்றுக்கும் பெட்டைக்கும் அதைப் போடாதீர்கள். பழைய நூல்களில் தேட ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். நீல்கிரிட்ராகஸ் என்ற பேரினத்துக்கு அது மாற்றப்பட்டது 2005-இல்தான். உங்கள் படக்குறிப்பில் புதிய பெயர் வர வேண்டும்.

*ஆணும் பெண்ணும் கலந்துவிட்டால்*

பெரிய இருவாச்சியின் கண்ணைப் பாருங்கள். ஆணுக்குச் சிவப்பு விழி, பெண்ணுக்கு வெண்மை. அலகின் மேலுள்ள கொண்டையின் முன்னும் பின்னும் கறுப்பு இருந்தால் ஆண். இப்போது கூட்டுக் காட்சிக்கு வாருங்கள். அடைகாக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும். சிறு பிளவு வழியாக ஆண் அத்திப்பழம் ஊட்டும். வெளியே அமர்ந்திருக்கும் பறவைக்கு வெள்ளை விழி வைத்த படங்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு துளி நிறத்தில் முழுக் கதையும் தலைகீழாகிவிடுகிறது. யானைக் கூட்டத்திலும் இதே சிக்கல்: ஆசிய யானையில் நீண்ட தந்தம் ஆணுக்கு மட்டும், தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவுக்கு அதுவும் இல்லை. குட்டியோடு நிற்கும் எல்லா யானைகளுக்கும் தந்தம் இருந்தால் ஓவியர் ஆப்பிரிக்க யானையைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

*உயிரில்லாமல் இருந்தால்*

அக்கால ஓவியர்கள் பலர் பதப்படுத்திய தோலைப் பார்த்து வரைந்தவர்கள். அந்தத் தோலில் கண் இருக்காது, பஞ்சு இருக்கும்; அலகும் காலும் நிறம் மங்கியிருக்கும். அந்தப் படத்திலிருந்து கோட்டின் நடையையும் பக்க அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை உயிருள்ள பறவையின் ஒளிப்படங்களிலிருந்து எடுங்கள்.

*பின்னணி பொருந்தவில்லை என்றால்*

ஓவியர் இன்றைய ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்ததால் வரையாட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டமும் யூக்கலிப்டஸும் வந்திருக்கும். அதற்குரியது பாறைச்சரிவும் மலைப் புல்வெளியும், பள்ளத்தில் சோலைக்காடு. சந்தேகமிருந்தால் பின்னணியை நீக்கி, காலடியில் கொஞ்சம் பாறையும் புல்லும் மட்டும் விடுங்கள்.

*கணினி உருவாக்கிய படம் என்று சந்தேகம் வந்தால்*

விரல்களை எண்ணுங்கள், வால்பட்டைகளை எண்ணுங்கள். பெரிய இருவாச்சியின் வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை ஒன்றுதான். ஆசிய யானைக்கு முன்காலில் ஐந்து நகமும் பின்காலில் பெரும்பாலும் நான்கும் இருக்கும். இவை தவறினால் ஒட்டுவேலை செய்யாதீர்கள். மறுபடி வரையச் சொல்லுங்கள்.

*பழைய படத்தையே அப்படியே எடுத்திருந்தால்*

பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி போன்ற இணையக் களஞ்சியங்களில் ஒவ்வொரு நூலுக்கும் உரிமைக் குறிப்பு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். ஓவியர் இறந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் பதிப்பாளரின் வழக்கறிஞரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

*எப்போது ஆளை அழைப்பது:* பென்சில் நிலையில். வண்ணம் ஏறிய பிறகு ஆய்வாளரிடம் காட்டினால், அவர் தவறைச் சொல்லத் தயங்குவார், நீங்கள் திருத்தத் தயங்குவீர்கள். அந்த விலங்கைக் களத்தில் பார்த்துப் பழகிய ஒருவரிடம் வரைவை அனுப்புங்கள். கூடவே எந்த மலை, எந்த மாதம், ஆணா பெண்ணா, என்ன வயது என்று நான்கு வரி எழுதுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். “கொம்பின் வளைவு சரியா? சேணத் திட்டு எதுவரை இறங்கும்? இந்தச் செடி அந்த உயரத்தில் வளருமா?” என்று கேளுங்கள். அவர் பதில் வந்த பிறகு மையைத் தொடச் சொல்லுங்கள்.